படகோட்டி இன்னும் தயாராகவில்லை

ஜூன் 4

என் செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுவது. சத்தியமாக நானேதான். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரித்துக்கொள், ஆனால் கிழித்துப் போட்டுவிடாதே. முதியோர் வகுப்பு டீச்சர், "தாத்தா, இனிமே யார்கிட்டயும் கைநாட்டு வைக்காதீங்க"ன்னு சொல்லிட்டாங்க!

நீ கூப்பிட்ட விளையாட்டுக்கு வருகிறேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு கதை பேச வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்ட வேண்டும். கதையை நடத்துவது நீ. சரிதானே? என் ஆள் ஒரு படகோட்டி. இடது காது மந்தம். வேறென்ன எழுத வேண்டும்?

உன் அப்பா (கையெழுத்தும் நானே)

ஜூன் 12

அன்புள்ள அப்பா,

கடிதத்தை ஆபீஸில் எல்லோரிடமும் காட்டிவிட்டேன். காது மந்தம் பிரமாதம்! ஆளைத் தயார் செய்ய அரைப் பக்கம் போதும். அவனுக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுவான், என்ன வேலை தெரியும், அவ்வளவுதான். மற்றது விளையாடும்போது தானாக வரும்.

உங்களுக்காகவே கதையில் ஒரு ஆறும் உடைந்த பாலமும் வைத்திருக்கிறேன். நம்மோடு விளையாடும் பல் டாக்டரும் மருந்துக்கடைக்காரரும் அவரவர் வேடத்தில் கரையில் காத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுங்கள்.

அன்புடன்,
மகள்

ஜூலை 3

செல்லத்துக்கு,

வர முடியவில்லை, கோபிக்காதே. அரைப் பக்கம்தான் எழுத உட்கார்ந்தேன். படகோட்டிக்கு ஒரு அண்ணன் வந்துவிட்டான். பொல்லாதவன்! பிறகு ஒரு மாமனார், அவருக்கு ஒரு பல்வலி. எழுத எழுத வந்துகொண்டே இருக்கிறது, மகளே. எனக்குள் இத்தனை பேர் இருந்தார்களா?

போனில் நீ, "எழுதினது போதும்ப்பா, வந்து வாயால சொல்லுங்க" என்றாய். நான் கட்டடங்களுக்குச் சாரம் கட்டிப் பிழைத்தவன். கடைசி முடிச்சு விழாமல் ஒருத்தரையும் மேலே ஏற விட்டதில்லை. இவனை மட்டும் அரைகுறையாக அனுப்புவேனா? அவன் அம்மா எப்படிப்பட்டவள் என்று இன்னும் முடிவாகவில்லை. கொஞ்சம் பொறு.

அப்பா

ஆகஸ்ட் 21

அன்புள்ள அப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை கதை முடிந்துவிட்டது. ஆற்றங்கரையில் வாரக்கணக்காகக் காத்திருந்தோம். மருந்துக்கடைக்காரர், "உங்கப்பா படகை இப்பத்தான் மரம் வெட்டிச் செய்யறாரா?" என்று கேட்டார். கடைசியில் நீந்தியே அக்கரைக்குப் போனார்கள்.

பல் டாக்டர் குடும்பத்தோடு ஊர் மாறுகிறார். எனக்கும் மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. மாதக் கடைசியில் கிளம்புகிறேன். புது முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து நினைத்தபோது வர முடியாது.

கோபமெல்லாம் இல்லை, அப்பா. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் படகோட்டி முக்கியமில்லை. சின்ன வயதிலிருந்து, "சாப்பிட்டியா, சரி, தூங்கு" என்பதற்கு மேல் நீங்கள் என்னிடம் பேசியதில்லை. ஒரு சாயங்காலம் முழுக்க நீங்கள் பேச, நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆசைப்பட்டேன். விளையாட்டென்றால் கூச்சமில்லாமல் பேசுவீர்கள் என்று நினைத்தேன். வெறுங்கையோடு வந்திருந்தால் போதுமே.

மகள்

செப்டம்பர் 2

மகளே,

உன் கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கப் பல நாளாகிவிட்டது. முடித்ததும் பஸ் ஏறினேன். உன் வீடு பூட்டியிருந்தது. மாடியிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "நேத்துதானே லாரியில சாமான் ஏத்திட்டுப் போனாங்க. நீங்க யாரு?" என்றார்.

"அவளோட அப்பாங்க."

"அட, அவங்க சொன்ன படகோட்டியா!" என்று சிரித்தார். தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன்.

திரும்பி வரும்போது பக்கத்துச் சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னமோ தோன்றி, படகோட்டியின் கதையை அவரிடம் சொல்ல ஆரம்பித்தேன். பையிலிருந்த காகிதங்களை எடுக்கவே இல்லை. அவர் நன்றாகத்தான் கேட்டார். பாதியில் அவர் இறங்குமிடம் வந்துவிட்டது. "மீதிய இன்னொரு நாள் கேக்கறேன் பெரியவரே" என்று இறங்கிப் போனார்.

பஸ் கிளம்பிய பிறகும் காலி சீட்டைப் பார்த்துக் கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதி வைக்காததெல்லாம் வந்தது. நீ கேட்டிருக்க வேண்டும்.

அப்பா