ஒரே ஆள் பார்க்கும் வெப்சைட்

வியாழன், இரவு. மழை விடவில்லை.

சேரன்மகாதேவிப் பள்ளியின் புதிய வெப்சைட் காலையிலிருந்து திறக்கவே இல்லை. மதியம்தான் காரணம் தெரிந்தது. ஊரார் வெப்சைட்டுகளை வைத்து நடத்தும் எங்கள் கம்பெனியின் பழைய சர்வர் தாங்கும் ஐ.பி. முகவரிகள், அதாவது வெப்சைட் இருக்கும் இடத்தைக் காட்டும் எண்கள், அத்தனையும் தீர்ந்துவிட்டன. பல வெப்சைட்டுகளை ஒரே முகவரியில் வைக்கலாம்தான். ஆனால் இந்த ஊர் வாடிக்கையாளர்கள் தனி வீடு கேட்பது போலத் தனி முகவரி கேட்பார்கள். நாங்களும் தூக்கிக் கொடுத்துவிட்டோம்.

“சும்மா கெடக்கது ஏதாவது இருக்கும். அதத் தூக்கிரும்மா,” என்றார் முதலாளி அண்ணாச்சி.

தேடியதில் ஒரு தையல்கடை வெப்சைட் கிடைத்தது. தினமும் காலையில் ஒரே ஆள் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். அதிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பெரியவர் எடுத்தார்.

“எம்மவ கடைம்மா அது. அவ தவறுனதுக்கப்புறம் மூடிட்டோம். காலையில காப்பி குடிக்கும்போது அதுல இருக்க அவ படத்த ஒருக்கப் பாப்பேன். எடம் இல்லைன்னா எடுத்துருங்க.”

எடுக்க எனக்குக் கை வரவில்லை. எங்கள் கம்பெனி வெப்சைட் இருக்கும் முகவரியிலேயே அதையும் சேர்த்துவிட்டு, காலியானதைப் பள்ளிக்குக் கொடுத்தேன்.

“நம்ம வீட்டுலயே குடி வச்சிட்டியாக்கும்?” என்றார் அண்ணாச்சி. குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

பள்ளியின் வெப்சைட் திறந்துவிட்டது. ஆனால் தையல்கடையின் முகவரி மாறியது எல்லா இடத்துக்கும் போய்ச் சேரச் சில சமயம் ஒரு நாள்கூட ஆகும்; அதுவரை சில இடங்களில் அது திறக்காது. பெரியவரிடம் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். என் போனில் தையல்கடை இப்போது திறக்கிறது. படத்தில் அவர் மகள் கழுத்தில் அளவுநாடாவோடு சிரிக்கிறாள். என் வயதுதான் இருக்கும்.

அவர் வீட்டிலும் காலையில் காப்பி ஆறுவதற்குள் திறந்துவிட வேண்டும்.