சரி பார்க்கும் நேரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் நீ கத்தியது நியாயம்தான். "சட்டம் விட்டா அப்பாவை அனுப்பிடுவியாம்மா?" என்று கேட்டாய். போனில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்பாவின் புற்று எலும்புக்கு வந்துவிட்டது. படுக்கை விரிப்பை மாற்ற அவரைப் புரட்டினால் பல்லைக் கடித்துக்கொள்கிறார். சாவதற்கான மருந்தைப் புதுச் சட்டப்படி அவரேதான் கேட்டார். டாக்டர் என்னை வெளியே நிறுத்திவிட்டு, யாராவது வற்புறுத்துகிறார்களா என்று அவரிடம் தனியாக விசாரித்தார். அனுமதி வந்துவிட்டது. நாள் குறிப்பது மட்டும்தான் பாக்கி.

நீ சந்தேகப்பட்டதை நானும் கேட்டேன்.

"நான் படற பாட்டைப் பாத்துதான் இந்த முடிவுக்கு வந்தீங்களா?"

"உன்கிட்டேருந்து தப்பிக்கணும்னா கல்யாணத்தன்னைக்கே ஓடியிருப்பேன், டீச்சர்."

நானும் சிரித்துவிட்டேன். என் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை என்பது துணி துவைக்கும்போதுதான் உறைத்தது.

பரீட்சையில் சீக்கிரம் எழுதி முடிக்கிற பிள்ளைகளை நான் உடனே வெளியே விட்டதில்லை. இன்னொரு தடவை சரி பார் என்று உட்கார வைப்பேன். அவரிடமும் அதையே சொன்னேன்.

"சரி. பாப்பா வரட்டும். அவ முகத்தைப் பாத்துட்டு நாள் சொல்றேன்" என்றார்.

வந்து சண்டை போடு. வேண்டாமென்று அழு. அவர் கேட்டுக்கொள்வார். கேட்ட பிறகு என்ன சொல்வாரோ, எனக்குத் தெரியாது.

அவர் முனகும்போது, இன்றே கிளம்பி வா என்று எழுதத் தோன்றுகிறது. முனகல் அடங்கி அவர் தூங்கும்போது, உன் ரயில் கொஞ்சம் தாமதமாகட்டும் என்று இருக்கிறது.

இப்போது தூங்குகிறார்.

உன் அம்மா