மடையடி வயலில் ஒரு பங்கு

நவ. 20, திங்கள்

மேகமூட்டம், மழை இல்லை. கந்தர்வக்கோட்டை பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். குடையை மறந்தேன். தேவைப்படவில்லை, அதுதானே இந்த ஊரின் பிரச்சினை.

குளம் பாதிகூட நிரம்பவில்லை. என் ஆய்வு: மழை குறைந்தால் ஊர் எப்படிச் சோறு தேடிக்கொள்கிறது. முடிவை முன்கூட்டியே எழுதியாயிற்று. மடைக்குப் பக்கத்து வயல்காரர் விளைவிப்பார், குளத்துத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடைக்காரர் அரிசியைக் கடையில் வாங்குவார். என் ஆய்வு வழிகாட்டி சாருக்கு ரொம்பப் பிடித்த வரி.

வாங்க வேண்டியது: பேனா, கொசுவத்தி.

நவ. 21, செவ்வாய்

பள்ளிக்கூட வாசலில் ஊர்க்கூட்டம். இந்தப் போகம் மடையடி வயல்களில் மட்டும் நடவு. அந்த நிலத்தில் எல்லா வீட்டுக்கும் பங்கு, கடைமடைக்காரருக்கும். அறுத்ததும் நிலம் சொந்தக்காரருக்கே. தண்ணீர் போதாத வருஷமெல்லாம் இப்படித்தானாம். அடுத்தவர் நிலத்தில் நட்டுத் தன் வீட்டுக்கு அறுப்பது! புல்லரித்தது.

யாருக்கு எந்தத் துண்டு என்று சீட்டுக் குலுக்கினார்கள். மல்லிகாக்கா வயலில் ஒரு துண்டு கடைமடை ரெங்கசாமிக்கு விழுந்தது. மல்லிகாக்கா வீட்டில்தான் எனக்கு மதியச் சாப்பாடு, கணவர் சிங்கப்பூரில். ரெங்கசாமி அக்காவின் கொழுந்தனார். பாகப்பிரிவினைச் சண்டைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது; "அவரோட பேச்சு இல்லத்தா" என்று அக்காவே என்னிடம் சொல்லியிருக்கிறார். அக்கா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

டீக்கடையில்: "அந்தம்மா விடாதுங்க. அவருக்கு இந்த வருஷம் ரேஷன் அரிசிதான்."

அப்படியானால் என் வரி ஜெயிக்கும். ஓர் அற்ப சந்தோஷம். சீ.

நவ. 23, வியாழன்

தூறல். துணி காயவில்லை. அக்கா வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு. துண்டை விடுவாரா என்று கேட்கப் பயம். ரெங்கசாமியின் நாற்றங்கால் கடைமடையில் காய்ந்து கிடக்கிறது. துண்டை விட்டுக்கொடுத்தாலும் எதை நடுவார்? இரண்டு பிள்ளைகள் வேறு.

நவ. 26, ஞாயிறு

நல்ல வெயில். மடை திறந்தாயிற்று, நடவு. ரெங்கசாமி வரப்பில் தலையைத் தொங்கப்போட்டு நின்றார். அவருக்கு விழுந்த துண்டு உழுது, பரம்படித்துச் சமன்செய்து, தயாராக இருந்தது. ஓரத்தில் நாற்றுமுடிகள். எல்லாம் அக்கா வீட்டு நாற்று! வாய்க்காலில் நின்ற அக்கா மண்வெட்டியால் முதல் தண்ணீரை அந்தத் துண்டுக்குத்தான் திருப்பினார். கொழுந்தனார் பக்கம் திரும்பவே இல்லை. என்னிடம், ஆனால் அவருக்குக் கேட்கிற சத்தத்தில்:

"அங்கிட்டு நிக்கிறவருகிட்ட சொல்லுத்தா, நாத்து வாடுதுன்னு."

பத்தடி தூரம் போய்ச் சொன்னேன். இறங்கினார்.

இந்த மனுஷியை என் ஆய்வில் எந்தக் கட்டத்தில் போட்டு எழுதுவது? எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. பேசவே மாட்டேன் என்றீர்களே அக்கா, என்று கேட்டேன். மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"பேச்சு இல்லைன்னுதானத்தா சொன்னேன். தண்ணி இல்லைன்னா சொன்னேன்?"

அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். நாற்றோடு குனிந்தவர் வெகுநேரம் நிமிரவே இல்லை.