நடுவே இல்லாத ராஜா படம்

ஜூலை 6, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. கொடியில் புடவை மூன்றாம் நாளாக ஈரம். அரிசியில் வண்டு. வாங்க: பேட்டரி, கொசுவத்தி, குடைக்கு ஒரு கம்பி.

மாலை சினிமா வட்டம். அபர்டீன் பஜாரில் ஜலீல் பாய் துணிக்கடை மாடி. பெயர்தான் வட்டம். ஆறு பேர், அதில் ஒருவர் தூங்குவதற்கென்றே வருகிறவர். தலைவர் ஆறுமுகம் சார், துறைமுக ஆபீஸில் ரிட்டயர் ஆனவர். அக்கரையில் பேம்பூ ஃப்ளாட் என்ற ஊரில் வீடு, படகில் வருகிறார். இனி ஆ.மு. முழுப்பெயருக்கு மை வீண். நான் குறிப்பெழுதுகிறவள், எட்டு வருடமாக. பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் தமிழ் நடத்திவிட்டு இந்த மனிதரின் உளறலை நகலெடுக்கிறேன்.

ஆ.மு. விதி: முதல் வாரம் படத்தை நினைவிலிருந்து பேசி, கட்டமைப்பை சார்ட்டில் வரைய வேண்டும். அடுத்த வாரம்தான் படம் பார்ப்பது. இம்மாதம் அந்தப் பழைய கறுப்பு வெள்ளை ராஜா படம்.

சிவப்பு ஸ்கெட்ச்சால் வரைந்தார். தொடக்கம்: ராஜா தளபதியைத் தம்பியாக ஏற்று மோதிரம் போடுகிறார். முடிவு: தளபதி கோட்டைக் கதவை எதிரிக்குத் திறந்துவிடுகிறான், ராஜாவின் தலை போகிறது. இடையில் முழம் நீளத்துக்கு வெள்ளை.

"நடுவே கிடையாது. ஏன் துரோகம் பண்ணான்னு டைரக்டர் சொல்லவே மாட்டார். அதான் மேதை. தியேட்டர்ல நாலு தடவை பார்த்தவன் சொல்றேன்."

எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டத்தானே வருகிறார்கள்.

படத்தில் நடு இருக்கிறது. கோட்டைக்குள் பஞ்சம், ஜனங்கள் செத்து விழுகிறார்கள். ராஜாவே தளபதியைக் கூப்பிட்டு, கதவைத் திறந்துவிடு, துரோகி என்ற பெயரை எனக்காகச் சும என்று ஆணையிடுகிறார். படத்தின் உயிரே அதுதான். சொன்னேன்.

"டீச்சருக்குக் கதை தெரியும். கட்டமைப்பு தெரியாது."

சிரிப்பு. தூங்குகிறவர்கூட விழித்துச் சிரித்துவிட்டுத் தூங்கினார். டிவியில் போட்டால் பார்க்க மாட்டாராம் ஆ.மு. பெரிய திரையில் பார்த்ததைக் கெடுத்துக்கொள்ளக் கூடாதாம். இப்படியும் ஒரு கொழுப்பு.

ஜூலை 8, செவ்வாய்

தூறல். பென்ஷன் விஷயமாக அலைந்தது. கையெழுத்துப் போட வேண்டியவர் லீவாம். மெயின்லேண்ட் போயிருக்கிறாராம். இந்தத் தீவில் வேலை ஆக வேண்டிய ஆள் எப்போதும் மெயின்லேண்டில்தான்.

திரும்பும்போது சாத்தம் ஜெட்டி, படகுத்துறை. அக்கரைப் படகுக்கு ஜனம் ஓடுகிறது. ஒருத்தி, கையில் மீன் பை: "அரே, ஜல்தி வா. போட் போயிடும்." அப்படியே நின்றுவிட்டேன்.

மறந்தே போயிருந்தது. அப்பா தியேட்டர் ஆபரேட்டர். மாலைக் காட்சி முடிவதற்குள் கடைசிப் படகு போய்விடும். அக்கரை ஜனங்கள் முடிவைப் பார்க்காமலே எழுந்து ஓடுவார்கள். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. இடைவேளை முடிந்ததும் நேரே கடைசி ரீலை மாட்டிவிடுவார். அவர்கள் அழுது முடித்து ஜெட்டிக்குப் போனபின், விட்ட இடத்திலிருந்து மிச்ச ரீல்கள், மறுபடியும் கடைசி ரீல். ஊர்க்காரர்களுக்கு க்ளைமாக்ஸ் இரண்டு தடவை. அக்கரைக்காரர்களுக்கு நடு இல்லை. பெரியவர்களுக்கு இது தெரியும், அவர்கள் கேட்டு வாங்கிய வசதிதான். கூட வந்த பிள்ளைகளுக்கு யார் விளக்கினார்கள்?

ஆ.மு. பேம்பூ ஃப்ளாட்டில் பிறந்து வளர்ந்தவர். நாலு தடவையும் பாதிப் படம் பார்த்த மேதை.

பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரி நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஜூலை 10, வியாழன்

வெயில் ஒரு மணி நேரம். புடவை காய்ந்தது.

ஞாயிறு விருந்தாளி உண்டாம். மெயின்லேண்டில் சினிமா சொல்லிக்கொடுக்கும் வாத்தியார், சுற்றுலா வந்தவர். ஆ.மு. அவர் முன்னால் "நடுவின்மை" என்று உரையாற்றப் போகிறார். ஜலீல் பாய் போனில்: "சார் புது சட்டை எடுத்திருக்காரு டீச்சர். ரொம்ப குஷ்."

ஆ.மு.வைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிடலாம். அதுதான் மரியாதை. நம்பரைக்கூட எடுத்தேன். வேண்டாம். எட்டு வருடம் என் குறிப்பைச் சிவப்பு மையால் திருத்தியவர்.

படம் லேப்டாப்பில் ஏற்றியாயிற்று. ராஜா ஆணையிடும் காட்சி எந்த நிமிடம் என்று குறித்துக்கொண்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

காற்று, பேய்மழை. குடை உடைந்தது.

ஆ.மு. நாற்பது நிமிடம் பேசினார். புதுச் சட்டையில் விலைச்சீட்டு நூல் தொங்கியது. விருந்தாளி "அருமையான வாசிப்பு" என்றார். பிறகு கேட்டால் அவர் படத்தையே பார்த்ததில்லை. இவர்கள் எல்லாம் வாத்தியார்கள்.

என் முறை. காட்சியை ஓட்டினேன். ராஜா ஆணையிடுகிறார். தளபதி மோதிரத்தைக் கழற்றித் தருகிறான். ராஜா அதைத் திருப்பி அவன் விரலிலேயே போடுகிறார்.

"உங்க ஊர்க்காரங்களுக்கு போட் போயிடும்னு எங்கப்பா கடைசி ரீலை முன்னாடியே போட்டுட்டார் சார். மேதை டைரக்டர் இல்ல, எங்கப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வாரம் காத்திருந்த சிரிப்பு.

ஆ.மு. சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. திரையையே பார்த்தார். "அப்ப அவன் துரோகி இல்லையா?" பிறகு: "தளபதியா நடிச்சவர் இங்க ஒரு விழாவுக்கு வந்தாரு. எல்லாரும் கை குடுத்தாங்க. நான் மாட்டேன்னு பின்னாடி போய் நின்னேன்."

கீழேயிருந்து ஜலீல் பாய்: "சார், மௌசம் கராப், காத்து ஜாஸ்தி. ஆறு மணி போட்தான் லாஸ்ட்டாம்."

ஆ.மு. எழுந்தார். என்னிடம் வந்தார். "டீச்சர், கடைசிப் பாகத்தை மட்டும் இப்ப ஓட்டுங்களேன். அவன் கதவைத் திறக்கிற இடம். இப்ப விஷயம் தெரியுதே, ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேன்."

"வரிசையாத்தான் பார்க்கணும் சார். கட்டமைப்புன்னு ஒண்ணு இருக்கில்ல."

தலையாட்டினார். சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

ஜூலை 14, திங்கள்

கப்பல் எதுவும் கிளம்பவில்லை. தக்காளி கடையில் இல்லை.

ஜலீல் பாய் மாடிச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆ.மு. காலையில் போன் பண்ணி, "இனி டீச்சர் நடத்தட்டும்" என்றாராம். எட்டு வருடமாக வேண்டியது கைக்கு வந்துவிட்டது. மத்தியானம் வரை சந்தோஷமாக இருந்தேன்.

ஜூலை 16, புதன்

மழை விட்டிருக்கிறது. அரிசி புடைத்தேன். பத்து நாள் தள்ளிப்போட்ட வேலை.

ஆ.மு.வுக்கு இரண்டு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. ஜலீல் பாய்: "விடுங்க டீச்சர், சினிமாதானே." பாய்க்கு எல்லாமே மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிற துணிதான்.

சும்மா பார்க்கலாம் என்று கடைசிப் பாகத்தை ஓட்டினேன். பன்னிரண்டு நிமிடம். அன்று படகுக்கு இருபத்தைந்து நிமிடம் இருந்தது. அப்பா படித்தது எட்டாம் வகுப்பு. கட்டமைப்பு என்ற சொல்லையே கேட்டிருக்க மாட்டார். படகு நேரம் மட்டும் தெரியும். ஆ.மு. கேட்பதற்கு முன்பே ரீலை மாட்டியிருப்பார்.

கேவலம், நான்தான்.

லேப்டாப் சார்ஜ் ஏறுகிறது. அக்கரைக்கு மூன்று மணிப் படகு. கதவைத் திறக்காவிட்டால் வாசலில் வைத்தே ஓட்டுவேன், சத்தத்தைக் கூட்டி.