கணக்கப்பிள்ளை என்ற பெயரில் உள்ளே வந்தவர்

என் ஆசை மச்சான் ஜெரோமுக்கு,

நீ போய் ஒரு வருடமும் நாலு மாதமும் ஆகின்றன. அங்கே நிம்மதியாக இருப்பாய் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போன இடத்திலும் யாருக்காவது வெப்சைட் செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருப்பாய். அதையும் என்னிடம் சொல்லாமல்தான் செய்திருப்பாய்.

மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் இருக்கும் நம் அறை அப்படியே இருக்கிறது. ஆட்களிடம் நீ பேசுவாய், வேலையை நான் செய்வேன் என்று ஆரம்பித்த தொழில். இப்போது இரண்டும் என் தலையில். கலேவெலயில் விதைக் கடை வைத்திருப்பவர், ‘சின்ன மாற்றம்தான் தம்பி’ என்றார். எது சின்னது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னேன். போனவர் போனவர்தான்.

சிரிக்காதே. விஷயத்துக்கு வருகிறேன்.

நீ போன மூன்றாம் மாதம், நாம் செய்து கொடுத்த தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். உள்ளே போய்த் திருத்தக்கூடியவர்கள் பட்டியலில், எல்லாவற்றிலும் என் பெயர், உன் பெயர். மூன்றாவதாக ஒரு பெயர், ‘கணக்கப்பிள்ளை’. யாரடா இது? தேயிலைத் தோட்டத்தில் பிறந்த என்னிடமா இந்தப் பெயர்? எங்கள் அம்மா கொழுந்து பறிக்கும்போது பின்னால் நின்று குறை பிடித்தவருக்குத்தான் நாங்கள் அப்படிச் சொல்லுவோம். நான் செய்யும் வேலைக்கு நீ மேற்பார்வை வைத்திருந்தாயா?

அதைவிட மோசம் ஒன்று. அந்தப் பெயரில் அதற்கு முந்தின நாளும் யாரோ உள்ளே வந்திருந்தார்கள். தினமும் காலை பத்து மணிக்கு, உன் வீட்டு இணைப்பிலிருந்து. உன் வீட்டில் ஸ்டெல்லாவையும் சின்னப் பிள்ளையையும் விட்டால் வேறு யார்?

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். உன் மனைவி நம் வாடிக்கையாளர்களை வேறு யாருக்கோ கை மாற்றப் போகிறாள். இல்லையென்றால் நீ உயிரோடு இருக்கும்போதே அதற்கு வழி பண்ணிவிட்டுப் போயிருக்கிறாய். உள்ளே வந்தவர் என்னதான் செய்தார் என்று ஒரு தரம் பார்த்திருக்கலாம். சந்தேகம் வந்தவனுக்குப் பார்க்கப் பொறுமை ஏது? எல்லாத் தளத்திலும் அந்தக் கணக்கைப் பூட்டினேன். உன் வருட நினைவுப் பூசைக்கும் போகவில்லை. ஸ்டெல்லா இரண்டு தடவை போன் எடுத்தாள். வேண்டுமென்றே எடுக்கவில்லை.

அப்புறம்தான் ஹாஜியாரின் கதை நடந்தது. நாலந்தா பக்கத்தில் வாசனைத் திரவியத் தோட்டம் வைத்திருக்கிறாரே, உன்னைக் கண்டால் பிளேன்டீ தராமல் விடாத மனிதர், அவர்தான். அவருடைய தளத்தைப் புதிதாக மாற்றிக் கொடுத்தேன். ‘எங்கள் தோட்ட மிளகு’, ‘எங்கள் தோட்டக் கராம்பு’ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில், ‘எங்கள் தோட்ட ஏலம். விலைக்கு அழைக்கவும்.’

நம் வாயில் ஏலம் என்றால் ஏலம்தான், தேத்தண்ணியில் போடுவது. ஐந்தாம் வகுப்போடு சிங்களப் பள்ளிக்கூடத்துக்குப் போனவனுக்கு அந்தச் சொல்லில் இன்னொரு ஏலமும் இருப்பது எங்கே ஞாபகம் வரும்?

மூன்றாம் நாள் ஹாஜியார் போனில் கத்தினார். “என்ன தம்பி, தோட்டத்த ஏலத்துல போட்டுட்டீங்களா? தம்புள்ளையிலருந்து ஒரு மனுசன் வேன்ல வந்து, எத்தன ஏக்கர்னு கேக்குறாரு. வேல செய்ற ஆக்கள் எல்லாம் பயந்து போய் நிக்கிறாங்க!”

மன்னிப்புக் கேட்டேன். அவர் கொஞ்சம் இறங்கி வந்து, “ஜெரோம் இருந்த காலத்துல இப்படி ஒரு பிழ வந்ததில்லையே. நீங்க செய்ற மத்த வேலையெல்லாம் எப்படியோ?” என்றார். அது எனக்கு உறைத்தது. அன்றுதான், தளங்களில் யார் எதை மாற்றினார்கள் என்று காட்டும் பழைய பதிவுகளைத் திறந்தேன். கணக்கப்பிள்ளை உள்ளே வந்து என்ன செய்திருக்கிறார் தெரியுமா? பட்டைக்குக் கருவா என்று நான் எழுதியதைக் கறுவா ஆக்கியிருக்கிறார். ‘ஏலம்’ இருந்த இடத்திலெல்லாம் ‘ஏலக்காய்’. இரண்டு வருடமாக வேறு ஒன்றுமே இல்லை.

அடுத்த நாளே உன் வீட்டுக்குப் போனேன். ஸ்டெல்லா கதவைத் திறந்து, “வாங்கண்ணே, வந்து இருங்க” என்றாள். நான் பூசைக்கு வராததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கும் உள்நோக்கம் இருக்குமோ என்று யோசித்தேன் மச்சான். நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

“கணக்கப்பிள்ளைங்கிறது யாரும்மா?”

“நான்தான். வீட்டுல அவரு என்னை அப்படித்தான் கூப்பிடுவாரு. கறிக்கு உப்பு, புள்ளைக்குச் சட்ட, எல்லாத்துலயும் பிழ புடிக்கிறேனாம்.” கல்யாணத்துக்கு முன் அவள் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவள் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“அவன் போன பிறகும் ஏன் பாத்த?”

“அவரு பேரும்தானே கீழ கெடக்குது. பிழையோட விடலாமாண்ணே?”

“எங்கிட்ட ஏன் ரெண்டு பேரும் சொல்லல?”

அவள் தேத்தண்ணியை என் முன்னால் வைத்தாள். “சொன்னா நீங்க வேற மாதிரி நெனைப்பீங்கன்னாரு. நெஞ்சு நோவையும் அப்படித்தானே மறைச்சாரு. கண்டி ஆஸ்பத்திரிக்கு மூணு தடவ போனாரு. உங்ககிட்ட வேல விசயமா ஆளப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. ‘அவன்கிட்ட சொன்னா வேலைக்குக் கள்ளம் பண்றேன்னு நெனைப்பான்’னு சிரிச்சாரு.”

தேத்தண்ணி ஆறிவிட்டது. நான் குடிக்கவில்லை.

அதில் ஒரு நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பார்க்கப் போவதாக நீ சொன்ன ஆளுக்கே போன் போட்டு, ஜெரோம் வந்தானா என்று விசாரித்தேன். வரவில்லை என்றார். கண்டி பஸ்ஸிலிருந்து நீ இறங்குவதை ஜன்னலில் பார்த்ததும், என்னை விட்டுவிட்டு அங்கே ஒரு கம்பெனியில் வேலை தேடுகிறாய் என்று முடிவு கட்டினேன். நீ படியேறி வந்ததும் வராததுமாக, “கண்டிக் கம்பெனியில எப்ப சேரப் போற?” என்று கேட்டேன். நீ நெஞ்சில் கை வைத்து மூச்சு வாங்கினாய். அகப்பட்டுக்கொண்ட அதிர்ச்சி என்று நினைத்தேன். அப்புறம் சிரித்தாய். உன்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்து, என்னடா செய்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்?

இதுவரை எழுதியதை ஸ்டெல்லாவிடம்தான் கொடுத்தேன். ர, ற எல்லாம் திருத்தினாள். நான் உன்னிடம் கேட்ட அந்தக் கேள்வி வந்ததும் பேனாவை நிறுத்தி, “இத எடுத்துடவாண்ணே?” என்றாள். இருக்கட்டும் என்றேன்.

நம்மிடமே தளத்தை வைத்திருப்பதா என்று ஹாஜியார் இன்னும் முடிவு சொல்லவில்லை. விட்டுப்போனாலும் அவரைக் குறை சொல்ல மாட்டேன். பூட்டிய கணக்குகளைத் திறந்துவிட்டேன். தளங்களின் அடியில் இனி ஸ்டெல்லாவின் பெயரும் இருக்கும்.

இனி யாரையும் சந்தேகப்பட மாட்டேன் என்று சத்தியம் செய்தால் நீயே நம்பமாட்டாய். அதைச் செய்யவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், மச்சான். எனக்குப் பக்கத்தில் இருக்கிற ஒருவர், தனக்கு நோகிறது என்று சொல்ல இனிமேல் என்னைப் பார்த்துப் பயப்படமாட்டார்.

இனி ஸ்டெல்லாவுக்கு அண்ணன்,
உன் மச்சான்,
சேகர்