சமையல் மேடையின் உயரம்

மார்ச் 4
வந்து சேர்ந்தேன். கரண்டுக் கம்பி எட்டாத மேட்டில், மண்ணும் வைக்கோலும் பிசைந்து ஒருவர் வீடு கட்டுகிறார். சம்பளமில்லாமல் கைகொடுக்க ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார். அந்த ஒருவர் என் வீட்டுக்காரர். ரிட்டயர் ஆன கையோடு கிளம்பியவர், நாலு மாதமாக இங்கேயே கிடக்கிறார். நான் ஆபீசுக்குப் பத்து நாள் லீவு போட்டு, மற்றவர்களைப் போலவே பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

"நான் யாருன்னு யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது" என்றேன். தெரிந்தால் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். அப்புறம் இங்கே குடிவருவதா வேண்டாமா என்று எதைப் பார்த்து முடிவெடுப்பது?

"சரி" என்றார். தாடி விட்டிருக்கிறார். சகிக்கவில்லை.

மார்ச் 5
நாளெல்லாம் மண் மிதித்தேன். முழங்கால் என்னுடையதே இல்லை.

மார்ச் 7
என்னோடு மண் மிதிப்பவள் ஒரு நர்ஸ். வாய் ஓயாது. கூரையில் மாட்டப்போகும் சோலார் பேனலைக் காட்டி, "நாலு லைட்டும் தண்ணி மோட்டரும்தான் ஓடுமாம்க்கா" என்றாள்.

"ஃபேன்?"

"காத்து தானா வருமாம்!"

இருவரும் சிரித்தோம். எனக்குப் பாதியில் நின்றுவிட்டது.

மார்ச் 9
மேஸ்திரியம்மா சமையல் மேடைக்கு அளவு எடுத்தாள். டேப் இல்லை, முடிச்சுப் போட்ட ஒரு கயிறு.

"சாரோட சம்சாரத்துக்கு வீட்டுல மேடை ஒசரமாம். தோள்வலின்னு இருபது வருஷமா சொல்லுமாம். அதான் நாலு விரக்கடை இறக்கிக் கட்டச் சொல்லியிருக்காரு. அந்தம்மா என்னடான்னா வரவே மாட்டேங்குதாம். பாவம் மனுஷன்."

காதில் விழுந்திருக்கிறதா! ஒரு நாளாவது பேப்பரிலிருந்து முகத்தை எடுத்தாரா? — கரணையை வாங்கி எதையோ பூசினேன்.

மார்ச் 10
மத்தியானம் திடீர் மழை. ஈரச் சுவர் கரையாமல் தார்ப்பாயை ஒரு முனையில் நானும் மறுமுனையில் அவரும் பிடித்துக்கொண்டு நின்றோம். மற்றவர்கள் வைக்கோலைக் காப்பாற்ற ஓடிவிட்டார்கள். மேடையைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா வேண்டாம்பே."

"சொல்லிட்டுப் போறேன்! வேண்டாம்னு சொல்லக்கூட எனக்கு உரிமை இல்லையா? முப்பது வருஷம் என்ன குடித்தனம் பண்ணினோம் அப்போ?"

மழை விட்டது தெரியாமல் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். திரும்பினால் நர்ஸ் வாயைப் பிளந்து நிற்கிறாள், பின்னால் மேஸ்திரியம்மா. போச்சு, சந்தி சிரித்துவிட்டது.

மார்ச் 11
யாரும் வேலை சொல்லவில்லை. நாற்காலி வந்துவிட்டது.

சாயங்காலம் அவர் வந்தார். படுக்கையறைச் சுவருக்குப் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டைக் காலாலேயே அழித்தார். "நீ சொல்லு. வேண்டாம்னா இதோட நிறுத்திக்கறேன்."

"யோசிக்கணும்" என்றேன். நாலு மாதம் அவர் எடுத்துக்கொண்டாரே, எனக்கு இரண்டு நாள் கூடாதா?

மார்ச் 13
சுண்ணாம்புப் பொடியை நானே எடுத்தேன். சுவரைக் கிழக்கே இரண்டடி தள்ளி, பெரிய ஜன்னலுக்கு இடம் விட்டுக் கோடு போட்டேன். ஃபேன் கட்டாயம் என்றேன்.

"அப்ப இன்னொரு பேனல் மாட்டணும்."

"மாட்டுங்க. தாடியை எடுங்க."

மே 20
ஆபீசில் முகவரி மாற்றப் படிவம் கொடுத்தேன். இனி பஸ்ஸில் ஒண்ணே கால் மணி நேரம். ஜன்னல் சீட் கிடைத்தால் பாதகமில்லை.

எதிர் மேஜை கிளார்க் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேடம், கதவு நம்பர் எழுதலையே?"

"கதவே இன்னும் மாட்டலைங்க" என்றேன்.