மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டரின் கேசட்

1986 பிப்ரவரி 10, திங்கள்

காலையில் பனி. மூக்கடைப்பு. சுக்குக் கஷாயம், பயனில்லை. விற்பனைக்கூடத்தில் மல்லாட்டை (பேரேட்டில் நிலக்கடலை) வரத்து குறைவு. குமாஸ்தாக்கள் எல்லோருக்கும் நாள் முழுக்க வாய் வேலைதான். நான் மட்டும் பேரேடு பார்த்தேன்.

சாப்பிடும்போது சரோஜா, "கொழம்புல உப்பு போதுமாங்க?" என்றாள். போதும், போதாது என்பது அவரவர் நாக்கைப் பொறுத்தது, உப்பையும் புளியையும் தனித்தனியே எடைபோடக் கூடாது என்று விளக்கினேன். உப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷம் ஒரு பேச்சாளனோடு குடித்தனம் பண்ணியும் ஒரு வாதத்தைத் தொடரத் தெரியவில்லை இவளுக்கு.

வாங்க: பேனா மை. சட்டைப் பொத்தான். கொசுவத்தி.

பிப். 11, செவ்வாய்

கோயில் கமிட்டிச் செயலாளர் வந்தார், அரிசி மண்டிக்காரர். திண்டிவனத்தில் பங்குனித் திருவிழா பட்டிமன்றத்துக்கு வருஷா வருஷம் நான்தான் நடுவர். அதைப் பேசத்தான் வந்திருக்கிறார் என்று காபி போடச் சொன்னேன். காபி தண்டம்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. ஜனங்க சிரிக்கணும்னு வருதுங்க. இந்த வாட்டி கம்பவுண்டர நடுவரா போட்டுக்கறோம். நீங்க ஒரு அணிக்குத் தலைவரா இருந்துடுங்க."

கம்பவுண்டர் என்றால் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர். (இனி மா.க. முழுசாக எழுதினால் மைதான் வீண்.) பகலில் மாட்டுக்கு ஊசி, சாயங்காலம் தமிழுக்கு ஊசி. ஊர் ஊராய்ப் போய்ப் புருஷன் பெண்டாட்டி ஜோக்கு. அவன் தீர்ப்புச் சொல்வானாம், நான் ஓரமாக உட்கார்ந்து தலையாட்ட வேண்டுமாம்.

அவன் பேச்சில் உள்ள அபத்தத்தை எல்லாம் எழுதித் தருகிறேன், அப்புறம் முடிவு செய்யுங்கள் என்றேன்.

"எய்தித் தாங்கண்ணே, கமிட்டியில வச்சிப் பாக்கறோம்." காபியில் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார்.

பிப். 13, வியாழன்

மாசி பிறந்ததுமே வெயில். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கேசட் கடையில் மா.க. பேச்சு இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரன் முகத்தில் என்ன பூரிப்பு!

"சார், கதை வசனம் கேசட்டெல்லாம் தூசி புடிச்சிக் கெடக்குது. இவரு கேசட்டு போடப் போட காலி. காணும் பொங்கலுக்கு விக்கிரவாண்டியில பேசினது, மைக்செட்டுக்காரரு ரெக்கார்டு பண்ணார். நீங்களுமா சார் கேக்கறீங்க?"

ஆராய்ச்சிக்கு என்று சொல்லி ஒன்று வாங்கினேன். போன வருஷம் அவனிடம் கொடுத்து வைத்த என் கேசட் என்ன ஆயிற்று என்றும் கேட்டேன். அடக்கத்தைப் பற்றிய பேச்சு. மிக உயர்ந்த பேச்சு.

"ஒருத்தர் வாங்கினாரு சார். அப்பால அதுமேலயே சினிமா பாட்டு அடிச்சிக் குடுன்னாரு. அடிச்சிக் குடுத்துட்டேன்."

எதிர் டீக்கடையிலும் மா.க.தான். லாரி டிரைவர், பூக்காரி, தாலுகா ஆபீஸ் பியூன், எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு. ஒருத்தனுக்குச் சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. அப்படியும் சிரிக்கிறான். சீ, என்ன ஜனங்கள்!

பொத்தான் வாங்க மறந்தேன்.

பிப். 16, ஞாயிறு

சரோஜா மாவு மில்லுக்குப் போனாள். கரண்ட் இருந்தது. என் பேச்சை நானே கேட்டுத் திருத்திக்கொள்ள வாங்கிய டேப் ரெக்கார்டரில் இந்தக் கழிசடையைப் போட நேர்ந்தது. காகிதம், பேனாவோடு உட்கார்ந்தேன்.

குற்றங்கள்: வணக்கம் சொல்வதற்குள் ஜோக்கு. மேற்கோள் ஒன்றுகூட இல்லை. மாமியார் மாதிரி குரல் மாற்றிப் பேசுகிறான். நடுவில் சோடா கேட்கிறான், அதற்கும் சிரிக்கிறார்கள்.

அப்புறம் இது. அப்படியே எழுதுகிறேன்:

"ஊருக்கெல்லாம் தீர்ப்பு சொல்ற நடுவரு ஒருத்தரு. சம்சாரம் கேக்குது, ஏங்க, கொழம்புல உப்பு இருக்குதா? இவரு தொண்டையக் கனைச்சிக்கினு, 'உப்பின் பக்கமும் நியாயம் இருக்கிறது, புளியின் பக்கமும் நியாயம் இருக்கிறது'ன்னு பேசிட்டு, துண்ட ஒதறிப் போட்டுக்கினு போய்ட்டாரு. அந்தம்மா இன்னும் உப்பு டப்பாவ வச்சிக்கினு நிக்குது!"

அவன் முடிப்பதற்கு முன்பே, 'தொண்டையக் கனைச்சிக்கினு' என்ற இடத்திலேயே ஒரு பெண் சிரித்துவிட்டாள். கூட்டம் அப்புறம்தான் சிரித்தது. மைக்குக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறாள். கணீரென்ற சிரிப்பு, கடைசியில் மூச்சு சிக்கி ஒரு விக்கல்.

நிறுத்தினேன். திருப்பிப் போட்டேன். சரோஜா.

சந்தேகமே இல்லை. கல்யாணமான புதிதில் அந்த விக்கலுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடியவன் நான். காணும் பொங்கலுக்கு விக்கிரவாண்டியில்தான் இருந்தாள். தங்கைக்குக் காய்ச்சல், பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றல்லவா போனாள்? அடிப்பாவி!

என் பட்டிமன்றம் எல்லாவற்றுக்கும் வந்திருக்கிறாள். முதல் வரிசை. புடவை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருப்பாள், கடைசியில் கை தட்டுவாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று? வீடு மாறும்போது விட்டுப்போன பாத்திரம் மாதிரி, இல்லை என்பதே எனக்குத் தெரியவில்லை.

மாவுத் தூக்கோடு வந்தாள். "மில்லுல கூட்டங்க, அதான் லேட்டு." கேசட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டேன். நான் ஏன் ஒளிக்க வேண்டும்?

பிப். 17, திங்கள்

ஆபீஸில் கூட்டல் தப்பு. வயிறு எரிகிறது. பொறாமைதான், எழுதிவிட்டேன், போ. என் பெண்டாட்டியைச் சிரிக்க வைக்க அந்த ஊசிக்காரன் யார்?

மாலையில் ஒரு பரிசோதனை. குழம்பு ஊற்றும்போது சொந்தமாக ஒரு ஜோக்குச் சொன்னேன், கழுதையும் கணக்குப்பிள்ளையும். ஆபீஸ் நேரத்தில் யோசித்தது. சரோஜா கவனமாகக் கேட்டாள். "நல்ல கருத்துங்க" என்றாள்.

கருத்தாம்!

பிப். 20, வியாழன்

செயலாளர் வழி மறித்தார். "எய்திட்டீங்களாண்ணே?"

மை தீர்ந்துவிட்டது என்றேன்.

"நோட்டீஸு அடிக்கணும்ணே, ஜல்தியா சொல்லுங்க."

மா.க.வையே போட்டுக்கொள்ளச் சொன்னேன். அணித் தலைவனாக நான் வருவதும் வராததும் அப்புறம். செயலாளர் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காததுதான் குறை.

அந்தக் கேசட்டில் அந்த ஒரே இடம்தான் கேட்கத் தகுந்தது. உப்பு டப்பா அல்ல, அதற்கு முன்னால் வரும் சிரிப்பு. சரோஜா தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் கேட்கிறேன். அந்த இடத்தில் நாடா தேய்கிறது என்று நினைக்கிறேன்.

பிப். 21, வெள்ளி

சுவரொட்டி பார்த்தேன். சனிக்கிழமை, திருவெண்ணெய்நல்லூர், மா.க. படத்தில் பல் முழுவதும் தெரிகிறது.

வீட்டுக்கு வந்தால், சரோஜா புடவையை மடித்துக்கொண்டே: "நாளைக்குத் திருவெண்ணெய்நல்லூர் போய்ட்டு வரட்டுமாங்க? பெரியம்மாவுக்கு மூட்டு வலியாம்."

போகக் கூடாது என்று சொல்லத்தான் தொண்டையைக் கனைத்தேன். வாயில் வந்தது வேறு:

"ஏழு மணிக்கு ஆரம்பம். சீக்கிரம் போனால்தான் மைக் பக்கம் இடம் கிடைக்கும்."

மடித்த புடவையைப் பிரித்து மறுபடி மடித்தாள். "மூட்டு வலியும் நெசந்தாங்க" என்றாள்.

அதற்கு நான் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. எனக்கே ஆச்சரியம்.

"நீங்களும் வர்றீங்களா?" என்றாள், புடவையைப் பார்த்துக்கொண்டு.

மாட்டு ஊசிக்காரன் பேச்சைக் கேட்க நானா என்றேன்.

பிப். 22, சனி

ஆபீஸ் அரை நாள். வெயில். பஸ்ஸில் கூட்டம், விக்கிரவாண்டி தாண்டும்வரை நின்றுகொண்டே வந்தேன். சரோஜாவுக்கு மட்டும் இடம் கிடைத்தது. விழுப்புரத்தில் வண்டி மாற்றக் காத்திருக்கையில் இதை எழுதுகிறேன். வறுத்த மல்லாட்டை வாங்கித் தந்தாள், கரிந்துபோனது. மா.க. இன்றும் அதே ஜோக்குகளைத்தான் சொல்வான், அவனிடம் வேறு சரக்கு ஏது?

பெண்கள் பக்கம் தனியாகக் கயிறு கட்டியிருப்பார்கள். கட்டட்டும். ஆண்கள் பக்கத்திலிருந்தே அந்த விக்கல் கேட்கும்.